முதல் பத்திரத்துக்கு யார் துணை? நிலச் சந்தையில் நுழையும் தலித் இளைஞர்களும் வழிகாட்டிகளும்

செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, கையில் ஒரு பிளாஸ்டிக் உறையும் அதனுள் ஒரு கிரையப் பத்திரமும் வைத்திருந்தார். தம் பெயரில் ஒரு மனையைப் பதிவு செய்த முதல் ஆள் அவர் குடும்பத்தில் அவர்தான். ஒன்பது ஆண்டுச் சேமிப்பு, கூட்டுறவுச் சங்கக் கடன், தாயின் தோடு எல்லாம் அந்த மனையில் போயிருந்தன. அதே மனை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வேறொருவருக்கு விற்கப்பட்டிருந்தது. அந்த விற்பனை வில்லங்கச் சான்றில் தெளிவாகப் பதிவாகியும் இருந்தது. “வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்களா?” என்று கேட்டோம். “அண்ணன் பார்த்துக் கொள்கிறேன் என்றார்” என்றார். அவர் அண்ணன் என்று குறிப்பிட்டது அந்த மனைப்பிரிவை விற்றுக் கொடுத்த தரகரை.

அவருடைய அறியாமையைக் குறைகூற இந்த நிகழ்வை நாங்கள் சொல்லவில்லை. அவர் இரண்டு பட்டங்கள் பெற்றவர்; மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர். அவரிடம் இல்லாதிருந்தது வேறொன்று. நிலவுடைமைச் சாதிக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் முதல் மனை வாங்கும்போது கிராம நிர்வாக அலுவலராக இருந்த சித்தப்பா, பத்திர எழுத்தராக இருக்கும் மாமா, அடங்கலைத் தலைகீழாகச் சொல்லும் தாத்தா என்று ஒரு கூட்டமே அவருக்குப் பின்னால் நிற்கிறது. எந்தச் சர்வே எண்ணில் வழக்கு இருக்கிறது, எந்த வரப்பு தகராறில் இருக்கிறது, எந்த விற்பனையாளரின் தங்கை இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பதெல்லாம் அந்த வீட்டுத் திண்ணையில் பேசப்படும் செய்திகள். இன்று நகரத்து இளைஞர்கள் ‘மென்டார்’ என்று பணம் கொடுத்துத் தேடும் ஆளை, அந்தக் குடும்பங்கள் நிலத்தோடு சேர்த்துப் பரம்பரைச் சொத்தாகப் பெற்றிருக்கின்றன. நிலம் மறுக்கப்பட்ட சமூகத்துக்கு நிலத்தைப் பற்றிய அறிவும் சேர்த்தே மறுக்கப்பட்டது. ஆகவே, முதன்முதலாக மனையிலோ நிலத்திலோ பணம் போட நினைக்கும் தலித் இளைஞருக்கு நம்பகமான வழிகாட்டி கிடைப்பதை நாம் சமூக உரிமைச் சிக்கலாகவே பார்க்கிறோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், இந்திய அளவில் பட்டியல் சாதியினர் பயிரிடும் நிலம் மொத்தப் பரப்பில் 9 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அந்த உடைமைகளில் பெரும்பாலானவை துண்டு துண்டான குறு நிலங்கள். இதை வைத்துச் சில தோழர்கள், “நிலமற்றோருக்கு நிலம் கேட்டுப் போராட வேண்டிய நேரத்தில் மனை முதலீடு பற்றி எழுதலாமா?” என்று கேட்கக்கூடும். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒதுக்கீட்டின் வழியே வேலைக்குச் சென்ற முதல் தலைமுறையினர் ஆண்டுதோறும் மனை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களின் பணம் யார் கைக்குப் போகிறது என்பதை நாம் கவனிக்காமல் இருந்தால், அதை வேறு சிலர் கவனித்துக்கொள்வார்கள். கவனித்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

வழிகாட்டி வேடத்தில் வருவோர்

முதலாமவர் தரகர். தரகரை நாம் எதிரியாகக் கருதவில்லை. அவர் ஒரு வேலை செய்கிறார். அதற்குக் கமிஷன் வாங்குகிறார். விற்பனை நடந்தால் மட்டுமே கமிஷன் கிடைக்கும் ஒருவரிடம், “இதை வாங்காதே” என்ற அறிவுரையை எதிர்பார்க்க முடியாது, அவ்வளவே. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, பதிவு செய்யப்பட வேண்டிய மனைப்பிரிவுகளையும் அடுக்ககங்களையும் விற்றுக் கொடுக்கும் முகவர் தாமும் பதிவு செய்திருக்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் போடப்படும் மனைப்பிரிவுக்கும், எட்டுக்கு மேற்பட்ட குடியிருப்புகள் கொண்ட கட்டடத்துக்கும் இது பொருந்தும். அவருடைய பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. எண்ணைக் கேட்டதும் முகம் சுளிப்பவரை அன்றோடு விட்டுவிடலாம்.

இரண்டாமவர் மேடைப் பேச்சாளர். மூன்று மணி நேர இலவசக் கூட்டம், பிறகு சில ஆயிரங்களுக்கு ஒரு பயிற்சி, அதன் முடிவில் லட்சக் கணக்கில் ‘தனிப்பட்ட வழிகாட்டல்’ என்ற இந்த ஏணி தமிழுக்குப் புதிதாக வந்தது, உலகத்துக்குப் பழையது. அமெரிக்காவில் 2005இல் தொடங்கப்பட்ட ‘டிரம்ப் யுனிவர்சிட்டி’ மூன்று நாள் வகுப்புக்கு 1,495 டாலரும், மிக உயர்ந்த வழிகாட்டல் தொகுப்புக்கு 34,995 டாலரும் வாங்கியது. நிலத்தில் பணம் பண்ணும் கலையைத் தேர்ந்த ஆசான்கள் கற்பிப்பார்கள் என்று நம்பிச் சேர்ந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2016 நவம்பரில் அது 25 மில்லியன் டாலர் சமரசத்தில் முடிந்தது. இத்தகைய கூட்டங்களில் சொல்லப்படுவது எல்லாம் பொய் என்று நாம் சொல்லவில்லை. அமெரிக்க வாடகைச் சந்தையை வைத்து எழுதப்பட்ட கணக்கு, பட்டாவும் பத்திரமும் ஒன்றோடொன்று பொருந்தாத நம் ஊரில் உதவாது. மேடையில் நிற்பவர் நம் வட்டத்து ‘அ’ பதிவேட்டைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்.

மூன்றாமவர் நமக்கு மிக நெருக்கமானவர். அதனாலேயே மிக ஆபத்தானவர். தெருவில் எல்லோருக்கும் தெரிந்தவர், சங்கத்தில் இருப்பவர், உறவுக்காரர் ஒருவர் மாதத் தவணை நிலத் திட்டத்தோடு வருவார். பி.ஏ.சி.எல். நிறுவனத்தின் வரலாறு இங்கே நினைவில் இருக்க வேண்டும். வேளாண் நிலம் வாங்கி மேம்படுத்தித் தருவதாகச் சொல்லி, நாடு முழுதும் சுமார் 5.8 கோடிப் பேரிடம் ரூ.49,000 கோடிக்கு மேல் திரட்டியது அந்நிறுவனம். அது பதிவு பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று செபி 2014 ஆகஸ்டில் ஆணையிட்டது. நிலங்களை விற்றுப் பணத்தைத் திருப்பித் தர உச்ச நீதிமன்றம் 2016 பிப்ரவரியில் நீதிபதி லோதா தலைமையில் குழு அமைத்தது. பணம் கட்டியவர்களில் பெரும்பாலோர் எளிய மக்கள். அவர்களிடம் வசூல் செய்த முகவர்களும் எளிய மக்கள். பலர் தம் சொந்தப் பணத்தையும் இழந்தவர்கள். அன்பாக வந்து சொன்னவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டிய தேவையில்லை. அவரும் ஏமாந்தவராக இருக்கலாம். நெருக்கம் என்பதைச் சரிபார்ப்புக்கு மாற்றாக நாம் கொள்ளக் கூடாது.

நான்காவது வகையினரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பஞ்சமி நிலமும் பெயர் இரவல் கேட்போரும்

செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒப்படைக்க ஆணையிட்டது. சென்னை மாகாணத்தில் இவ்வாறு வழங்கப்பட்டது ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பார் அல்லாதோருக்கு விற்கக் கூடாது என்பவை ஒப்படைப்பின் நிபந்தனைகள். நிபந்தனை மீறப்பட்ட கைமாற்றம் செல்லாது. அந்த நிலம் எத்தனை கை மாறியிருந்தாலும் அரசு மீட்டெடுக்கலாம். இந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று யாரிடம் இருக்கிறது என்பது இத்தளத்தின் வாசகர்களுக்குத் தெரிந்த கதை. 1994 அக்டோபரில் காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தையொட்டி நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை.

நகரங்கள் விரிந்தபோது இந்த நிலங்களின் விலையும் ஏறியது. அப்போது தோன்றியவர்தான் நான்காமவர். படித்த, வேலையில் உள்ள, வருமான வரிக் கணக்கு வைத்திருக்கும் தலித் இளைஞரை அவர் தேடி வருகிறார். “தம்பி, உனக்குத் தொழில் கற்றுத் தருகிறேன். பணம் நான் போடுகிறேன். பத்திரம் உன் பெயரில் இருக்கட்டும். உன் சாதிச் சான்றிதழ் போதும். பிறகு ஒரு பவர் பத்திரம் மட்டும் எழுதிக் கொடு” என்பார். பார்வைக்கு இது வாய்ப்பைப் போலத் தோன்றும். சட்டத்தின் பார்வையில் இது பினாமி பரிவர்த்தனை. 2016இல் திருத்தப்பட்ட பினாமி சொத்துப் பரிவர்த்தனைகள் தடைச் சட்டத்தின்படி, பணம் கொடுத்தவரோடு பெயர் கொடுத்தவரும் ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவல் தண்டனைக்கும், சொத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதத்துக்கும் உள்ளாகலாம். சொத்து பறிமுதலாகும். அரசு ஊழியராக இருந்தால் வேலையும் ஆட்டம் காணும். பணம் போட்டவருக்கு வழக்கறிஞர்கள் இருப்பார்கள். பெயர் போட்டவர் தனியாக நிற்பார். அதைவிடப் பெரிய கொடுமையும் உண்டு. நம் முன்னோர் பெற்ற நிலத்தை நம் கையெழுத்தாலேயே பிறருக்குத் தாரை வார்க்கும் வேலை அது. இப்படி ஒருவர் வழிகாட்ட வந்தால், பேச்சை அந்த இடத்திலேயே முறித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

அப்படியானால் யாரிடம் போவது

எல்லாம் தெரிந்த ஒற்றை ஆசானைத் தேடுவது வீண் வேலை என்பது எங்கள் அனுபவம். நில விவகாரத்தில் நான்கு வகை அறிவு வேண்டியிருக்கிறது. பதிவுத் துறையின் ஏடுகள் ஒரு வகை. வருவாய்த் துறையின் ஏடுகள் இன்னொரு வகை. உரிமையியல் சட்டம் மூன்றாவது. அந்த ஊரின் நடப்பு நான்காவது. இவை நான்கும் ஒரே ஆளிடம் இருப்பது அரிது. ஆகவே இரண்டு மூன்று பேரைத் தேடிக்கொள்ள வேண்டும்.

முதலில் நாம் நினைக்க வேண்டியவர்கள் நம் சமூகத்திலிருந்தே வருவாய்த் துறைக்கும் நில அளவைத் துறைக்கும் பதிவுத் துறைக்கும் சென்று ஓய்வு பெற்றவர்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலரோ சர்வேயரோ சார்பதிவாளரோ ஒருவர் இருக்கிறார். அம்பேத்கர் பிறந்த நாள் கூட்டத்தில் சால்வை போர்த்தி உட்கார வைக்கிறோம். அவர் முப்பது ஆண்டுகள் கையாண்ட ஏடுகளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. ‘அ’ பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் எழுதியிருப்பதன் பொருள், உட்பிரிவு எண் எப்போது மாறியது, புல வரைபடத்தில் காட்டிய அளவுக்கும் தரையில் உள்ள அளவுக்கும் ஏன் வேறுபாடு வருகிறது என்பனவற்றை அவரைப் போல் விளக்குவோர் குறைவு. நாங்கள் சட்டக் கல்லூரியில் படித்ததைவிட, இப்படி ஒரு பெரியவரின் வீட்டுத் தாழ்வாரத்தில் கற்றது அதிகம். அவர் கேட்ட கட்டணம் தேநீர் மட்டுமே. ஆனால் எல்லோரும் அப்படி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது; நேரத்துக்கு உரிய தொகையைக் கேட்டுக் கொடுத்துவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

அடுத்தவர் உரிமையியல் வழக்கறிஞர். குற்றவியலில் பெயர் பெற்ற, நம் போராட்டங்களுக்கு முன்நிற்கும் வழக்கறிஞரே நில உரிமை பற்றியும் கருத்துரை தருவார் என்று கருதிவிடக் கூடாது. இது எங்களுக்கும் சேர்த்தே சொல்வது. மாவட்ட நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை, விளம்புகை வழக்குகளை நடத்துபவர் வேண்டும். கட்டணத்துக்குப் பயந்து பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒரு செய்தி உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 12ஆம் பிரிவில், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியை வழங்குகிறது. இதற்கு வருமான வரம்பு கிடையாது. அச்சட்டத்தின் 2ஆம் பிரிவு ‘சட்டப் பணி’ என்பதை வரையறுக்கும்போது, வழக்கு நடத்துவதோடு, எந்தச் சட்ட விஷயத்திலும் அறிவுரை வழங்குவதையும் உள்ளடக்குகிறது. அதாவது வழக்கு வந்த பிறகுதான் போக வேண்டும் என்பதில்லை. வாங்குவதற்கு முன்பே பத்திர நகல்களை எடுத்துக்கொண்டு நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ வட்டச் சட்டப் பணிகள் குழுவிலோ மனு கொடுத்து அறிவுரை கேட்கலாம். வன்கொடுமை வழக்குக்கு மட்டுமே உரியது என்று நினைத்து இந்த வாசலை நம்மவர் பலர் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறார்கள். அங்கே ஒதுக்கப்படும் வழக்கறிஞர் எல்லோரும் ஒரே தரத்தினர் என்று உறுதி கூற மாட்டோம். பதில் நிறைவளிக்காவிட்டால் வேறொருவரைக் கேட்கலாம்.

வங்கிக் கடன் பெற்று வாங்குவோருக்கு இன்னொரு வடிகட்டி இருக்கிறது. வங்கியின் பட்டியலில் உள்ள வழக்கறிஞர் சட்டக் கருத்துரை எழுதுவார். அது வங்கியின் பாதுகாப்புக்காக எழுதப்படுவது என்றாலும், அதன் நகலைக் கேட்டுப் படிக்க வேண்டும். சொந்தப் பணத்தில் வாங்கினாலும், ஒரு வங்கி இந்த மனைக்குக் கடன் கொடுக்குமா என்று கேட்டுப் பார்ப்பது பயனுள்ள சோதனை.

நான்காவது அறிவாகிய ஊர் நடப்பை அந்த ஊர்க்காரர்களிடமே பெற முடியும். அங்கே குடியிருக்கும் நம் மக்களிடம், குறிப்பாக அந்த நிலத்தில் முன்பு கூலி வேலை செய்த மூதாட்டிகளிடம் பேசிப் பார்க்க வேண்டும். எந்த நிலம் மேய்ச்சலுக்கு இருந்தது, எது ஏரி உள்வாயில் வந்தது, எது கோயில் மானியம், எது “நம்ம ஆளுங்க கிட்ட இருந்து போனது” என்பதை அவர்கள் எந்தப் பதிவேடும் இல்லாமல் சொல்வார்கள். அவர்கள் சொல்வது ஆவணம் ஆகாது. ஆனால் எந்த ஆவணத்தைத் தேட வேண்டும் என்று அது காட்டிவிடும்.

வழிகாட்டியைச் சோதிப்பது எப்படி

கிடைத்த ஒருவரை எடை போட எளிய முறை ஒன்று இருக்கிறது. வாங்க நினைக்கும் நிலத்தின் சர்வே எண்ணைக் கொடுத்து, “இதை நான் எப்படிச் சரிபார்ப்பது?” என்று கேட்க வேண்டும். “நான் பார்த்துக் கொள்கிறேன்” என்பவர் வழிகாட்டி ஆகார். “வா, உட்கார், பார்ப்போம்” என்று நம் கண்முன்னே ஏடுகளைத் திறப்பவரே நமக்கு வேண்டியவர். அவர் நமக்குக் கற்றுத்தர வேண்டியதில் முக்கியமான சிலவற்றை இங்கே குறிக்கிறோம். அவர் இவற்றைத் தொடாமலே போனால் அவருடைய அறிவைச் சந்தேகிக்கலாம்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குப் பார்ப்பது வழக்கம். ஆனால் அது பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கு ஆகியவை அதில் தெரியாமல் போகலாம். பத்திரத்தைப் பதிவு செய்துகொண்டதாலேயே விற்றவருக்கு உரிமை இருந்தது என்று ஆகிவிடாது. விற்பவரின் உரிமையை ஆராய்ந்து தீர்ப்புச் சொல்வது சார்பதிவாளரின் வேலை அன்று என்பதை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கொன்றில் மீண்டும் தெளிவுபடுத்தியது. எங்களிடம் வந்த ஆசிரியை, “அரசு முத்திரை இருக்கிறதே” என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

பட்டாவைப் பற்றியும் இதே மயக்கம் உண்டு. பட்டா வருவாய்த் துறை ஆவணம். அது தன்னளவில் உரிமையை உருவாக்காது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியிருக்கின்றன. மூலப் பத்திரத்திலிருந்து இன்றைய விற்பனையாளர் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பரம்பரைச் சொத்து என்றால் வாரிசுகள் அனைவரும், பெண்கள் உட்பட, கையெழுத்திட வேண்டும். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும் நாடு முழுமைக்குமான 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்குரிமை தந்தன. “தங்கச்சிக்குக் கல்யாணத்திலேயே செய்துவிட்டோம்” என்ற பேச்சை எந்த நீதிமன்றமும் விடுதலைப் பத்திரமாக ஏற்காது. பொது அதிகாரப் பத்திரத்தை வைத்து ‘சொத்தே உனக்கு வந்துவிட்டது’ என்று சொல்லும் பேரங்களை 2011ஆம் ஆண்டு சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிராகரித்துவிட்டது.

பஞ்சமி நிலமா என்று அறிய இன்றைய பட்டாவும் கணினிச் சிட்டாவும் போதா. 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு (நாம் யு.டி.ஆர். என்று அறிவது) முந்தைய பழைய ‘அ’ பதிவேட்டையும் செட்டில்மென்ட் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். பழைய ஏட்டில் ‘டி.சி.’ என்று குறிப்பிட்டிருந்த நிலம் புதிய ஏட்டில் சாதாரண ரயத்துவாரி நிலமாகத் தோன்றுவது உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நகல் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். இந்த 30 நாளைக் காத்திருக்க விடாமல் அவசரப்படுத்தும் விற்பனையாளருக்கு ஏதோ ஒரு காரணம் இருக்கிறது.

மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்பது வேறு கேள்வி. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததும், அதன் பின் வரன்முறைத் திட்டம் வந்ததும் பலரின் நினைவில் இருக்கும். இன்றும் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லி விற்போர் இருக்கிறார்கள். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அல்லது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதி எண்ணைக் கேட்க வேண்டும். ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட்ட திட்டமாயின், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க 13ஆம் பிரிவு அனுமதிக்கவில்லை.

கணக்கைப் பற்றியும் வழிகாட்டி பேச வேண்டும். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வாங்கிய அன்றே பத்தில் ஒரு பங்கு அளவு செலவாகிவிடுகிறது. நிலத்தின் விலை அவ்வளவு ஏறிய பிறகுதான் முதலுக்கு மோசமில்லாமல் நிற்போம். (‘வழிகாட்டி மதிப்பு’ என்று அரசு ஏட்டில் இருப்பதைச் சந்தை விலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது, பெயரைத் தவிர அதில் வழிகாட்டல் ஏதுமில்லை.) நிலம் அவசரத்துக்கு விற்கக் கூடிய பொருள் அன்று. வட்டிக்கு வாங்கி மனையில் போட்டவர்களின் கதைகள் பெரும்பாலும் நன்றாக முடியவில்லை. ரொக்கமாகக் கொடுக்கச் சொன்னால் மறுத்துவிட வேண்டும். அசையாச் சொத்துப் பேரத்தில் ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. கொடுத்தவருக்கோ பிற்பாடு வழக்கில் காட்ட ஒரு சீட்டும் இருக்காது.

கூட்டாகக் கற்றல்

தனி ஆளுக்கு ஆசான் தேடுவதோடு நம் மரபு நின்றுவிடவில்லை. 1968 கீழவெண்மணிக் கொடுமைக்குப் பின் தஞ்சைப் பகுதியில் பணியாற்றிய கிருஷ்ணம்மாளும் ஜெகநாதனும் 1981இல் தொடங்கிய லாஃப்டி இயக்கம், நிலக்கிழார்களோடு விலை பேசி, வங்கிக் கடனும் அரசு மானியமும் பெற்று, நிலமற்ற தலித் குடும்பங்களின் பெண்கள் பெயரில் நிலத்தைப் பதிவு செய்து கொடுத்தது. விலை பேசுதல், ஆவணம் பார்த்தல், கடன் அடைத்தல் ஆகிய மூன்றையும் தனித்தனிக் குடும்பங்கள் கற்க முடியாதபோது ஓர் அமைப்பு கற்று வைத்துக்கொண்டது. அந்த இயக்கத்தின் காந்திய வழியில் நமக்கு வேறுபாடுகள் உண்டு. அதன் பத்திரங்கள் இன்றும் நிற்கின்றன.

அரசுத் தரப்பில் தாட்கோவின் ‘நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்’ இருக்கிறது. நிலமற்ற விவசாயத் தொழிலாளர்களான ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்கள் நிலம் வாங்க, விலையில் 50 சதவீதம், உச்ச அளவாக ரூ.5 லட்சம் மானியம் தரப்படுகிறது. விற்பவர் ஆதிதிராவிடரோ பழங்குடியினரோ அல்லாதவராக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நம்மிடையே நிலம் கை மாறுவதற்குப் பதிலாக நம் கைக்குப் புதிதாக நிலம் வர வேண்டும் என்பது அதன் நோக்கம். வேலையில் இருக்கும் வாசகர்களுக்கு இது பொருந்தாது. அவர்களின் அத்தைக்கோ பெரியம்மாவுக்கோ பொருந்தும். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து மாவட்ட மேலாளர் அலுவலகத்துக்கு உடன் செல்லும் மாணவர், அந்த ஒரு விண்ணப்பத்திலேயே நில ஆவணங்கள் அனைத்தையும் தொட்டுப் பார்த்துவிடுவார். கற்க அதைவிட மலிவான வழி எங்களுக்குத் தெரியவில்லை.

வாங்கிய பிறகு

நம் மக்கள் மனை வாங்கும்போது விலைக்கு அப்பாலும் ஒரு கேள்வி எழுகிறது. “எந்தத் தெரு?” என்று கேட்டுவிட்டு விலையை ஏற்றுவோர், பேசி முடித்த பின் மறுப்போர், பதிவான பின் பாதையை அடைப்போர் ஆகிய மூவரையும் நாங்கள் வழக்குகளில் சந்தித்திருக்கிறோம். ஊருக்குள் வாங்குவதா, காலனிக்கு அருகிலேயே வாங்குவதா என்பதில் வழிகாட்டி நம்மைப் பயமுறுத்தவும் கூடாது, வீரம் பேசவும் கூடாது. பாதை உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, நான்கெல்லைகளில் உள்ளவர் யார் யார் என்று பார்த்துச் சொன்னால் போதும். முடிவு வாங்குபவருடையது.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஃப்), 3(1)(ஜி) உட்பிரிவுகள், நம் நிலத்தைச் சட்டவிரோதமாக ஆக்கிரமிப்பதையும், நிலத்திலிருந்து வெளியேற்றுவதையும், நில உரிமையை அனுபவிக்க விடாமல் தடுப்பதையும் குற்றமாக்கி, ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கின்றன. பாதையையோ நீரையோ தடுப்பவருக்கும் இது பொருந்தும். புகார் நிற்க வேண்டுமானால் நம் பெயரில் ஆவணம் ஒழுங்காக இருக்க வேண்டும். ஆகவே பதிவு முடிந்ததும் பட்டா மாறுதலுக்கு மனு, அளவையர் வந்து கல் ஊன்றுதல், கம்பி வேலி ஆகியவற்றைத் தள்ளிப் போடக் கூடாது. வெளியூரில் வேலை பார்ப்போர் மனையை வாங்கிப் போட்டுவிட்டுப் பதினைந்து ஆண்டு கழித்துப் போய்ப் பார்க்கிறார்கள். உரிமையாளரை மறுத்து வெளிப்படையாக 12 ஆண்டுகள் தொடர்ந்து அனுபவித்தவர் எதிரிடை அனுபவ உரிமை கோர வரையறைச் சட்டம் இடம் தருகிறது.

அந்த ஆசிரியையின் வழக்கு நடக்கிறது. விற்றவர் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின்கீழ் மோசடிப் புகாரும், பணத்தை மீட்க உரிமையியல் வழக்கும் தொடுத்திருக்கிறோம். எப்போது முடியும் என்று அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். சென்ற மாதம் அவருடைய பள்ளியில் உடன் பணிபுரியும் இளைய ஆசிரியர் ஒருவர் மனை பார்த்திருக்கிறார் என்று சொல்லி, அவரையும் அழைத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். முப்பது ஆண்டு வில்லங்கத்தை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார். அதில் 1998ஆம் ஆண்டு வரியொன்றைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். அடமானப் பத்திரம் ஒன்று பதிவாகி, அதற்கு ரசீது பதிவாகாமல் இருந்தது.